கேட்பாரில்லாத பெயர்

மிமூன் அசுலினால் ஓரிடத்தில் உட்கார முடியாது. முப்பது வருஷம் மாண்ட்ரியலில் நகரப் பேருந்து ஓட்டியவர், ஓய்வு பெற்றதும் எங்கள் யூத ஜெப ஆலயத்தில் கபாய் ஆனார். சனிக்கிழமை தோரா வேத வாசிப்புக்கு யாரை மேடைக்கு அழைப்பது, யாருடைய தகப்பனாருக்கு நினைவுநாள், போன வாரம் அழைக்காததால் யாருக்கு மனத்தாங்கல், எல்லாம் அவர் தலையில். சம்பளம் கிடையாது, திட்டு உண்டு. வாசிப்பவருக்கு வலப்பக்கம் அவர் நிற்பார், இடப்பக்கம் நான்.

வாசிப்பின் நடுவே நோயாளிகளின் பெயர்களைச் சொல்லி ஜெபிப்போம். தாயின் பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்தப் பட்டியல் வளர்ந்து வளர்ந்து நூற்றுப் பதினேழு பெயராகிவிட்டது. சேர்க்கச் சொல்ல ஆள் வந்தது, குணமாகிவிட்டது என்று சொல்ல ஒருவரும் வரவில்லை.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை ஆலயத் தலைவர் ப்ரோஸ்பர் ஒஹனா எங்களைப் படிக்கட்டில் மடக்கினார்.

"மிமூன், இன்னைக்குப் பேரு படிக்க மட்டும் ஒன்பது நிமிஷம்! வீட்ல தஃபீனா குழம்பு வத்திப்போயிருக்கும். அந்தப் பட்டியல்ல பாதிப் பேரு எப்பவோ எந்திரிச்சு நடமாடிக்கிட்டு இருப்பாங்கய்யா."

"மீதிப் பாதி?"

"போய்ச் சேர்ந்திருப்பாங்க. பூரிம் பண்டிகைக்குள்ள குறைச்சுடு. யாரும் கேட்காத பேரையெல்லாம் அடிச்சுடு."

மறுநாளே மிமூன் போனும் கையுமாக வீட்டுக்குள் நடக்க ஆரம்பித்தார். "தரைவிரிப்பு தேயுது மனுஷா, உட்கார்ந்து பேசு!" என்று அவர் மனைவி அலெக்ரியா கத்தினாள். எழுபது பேர் குணமாகியிருந்தார்கள், அல்லது இறந்திருந்தார்கள். ஒருவர், "எனக்கு மூலம்தானேய்யா இருந்துச்சு! அதுக்கா நாலு வருஷமா ஊரே ஜெபம் பண்ணிச்சு?" என்று மானம் போனதுபோலக் கொதித்தார்.

முப்பத்தைந்து பேர் இன்னும் நோயில்தான் இருந்தார்கள். மீதிப் பன்னிரண்டு பெயர்களுக்குத் துப்பே கிடைக்கவில்லை. பதினொன்று பழைய கபாய் எழுதிவைத்தவை. அவற்றை அடித்துவிட்டார். பன்னிரண்டாவதில் பேனா நின்றது. மெஸ்ஸோதாவின் மகள் சிம்ஹா. அது மிமூனே தன் கையால் எழுதியது.

சனிக்கிழமை ஓய்வுநாள், எழுதக்கூடாது. யாராவது பெயர் சொன்னால் அன்று இரவு நட்சத்திரம் தெரியும்வரை மனதிலேயே சுமந்துவந்து, பிறகுதான் எழுதுவார். நாலு வருஷத்துக்கு முன் அப்படிச் சுமந்ததில் பெயர் நின்றது, சொன்ன ஆள் நழுவிவிட்டார். பெண்கள் மாடிக்குப் போகும் படியில் ஒரு பெண், மேல்கோட்டைக்கூடக் கழற்றவில்லை. அவ்வளவுதான் அவருக்கு நினைவிருந்தது.

"அடிச்சுட்டுப் போங்களேன்," என்றேன்.

"இன்னும் படுக்கையில கிடந்தா?"

முதியோர் இல்லத்தில் கேட்டார். இல்லை. அடக்கச் சடங்கு செய்பவர்களிடம் கேட்டார். இறந்தவர்களிலும் இல்லை. அதன்பிறகு அவருக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை, ரொட்டிக்கடை வரிசையில் நின்ற எல்லோரையும் பார்த்து உரக்கக் கேட்டுவிட்டார். பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது: "தையல்காரி சிம்ஹாவா? எங்க கட்டிடத்துல மூணாவது மாடி."

ரொட்டி வாங்காமலே பனியில் நடந்தார். துணைக்கு நானும் போனேன். கழுத்தில் அளவு நாடாவோடு ஐம்பது வயதுப் பெண் கதவைத் திறந்தாள். மிமூன் ஒரே மூச்சில் விஷயத்தைக் கொட்டினார்.

"நான் குணமாகி மூணு வருஷமாச்சு! வாராவாரம் கடவுள்கிட்ட என்னை நோயாளின்னே சொல்லிக்கிட்டிருந்தீங்களா?"

"நீங்க சொல்லியிருக்கணும்லம்மா?"

"யாருகிட்ட? சீக்குன்னே நான் ஒருத்தருக்கும் சொல்லலியே." சட்டென்று நிறுத்தினாள். "பேரைக் கொடுத்தது யாரு?"

படியில் மேல்கோட்டோடு நின்ற பெண்ணைப் பற்றி மிமூன் சொன்னார். சிம்ஹா நாடாவை உருவிக் கையில் சுற்றினாள்.

"ஆஸ்பத்திரியில நெருங்கின சொந்தம் யாருன்னு கேட்டாங்க. தங்கச்சி பேரை எழுதினேன், அவங்க சொல்லித்தான் தெரிஞ்சிருக்கும். ஃப்ரேஹா. டொராண்டோல இருக்கா. அம்மாவை எங்க அடக்கம் பண்றதுன்னு சண்டை, அதோட பேச்சு நின்னு பதினோரு வருஷமாச்சு." குரல் ஏறியது. "ஆலயம் வரைக்கும் வந்தவளுக்கு, ரெண்டு தெரு தள்ளி ஆஸ்பத்திரிக்கு வரத் தோணலியா?"

கதவு சாத்திக்கொண்டது.

"நான் போயிருக்கவே கூடாது," என்று திரும்பி வரும் வழியெல்லாம் மிமூன் சொல்லிக்கொண்டே வந்தார். மறுநாள் அந்தப் பெயரை வாசிக்காமல் தாண்டினார்.

அதற்கடுத்த சனிக்கிழமை சிம்ஹா வந்தாள். ஆராதனை முடிந்ததும் நேராக அவரிடம் வந்தாள்.

"வியாழக்கிழமை தங்கச்சிக்குப் போன் பண்ணினேன்."

"என்னம்மா சொன்னாங்க?"

"நாற்பது நிமிஷம் சண்டை. ஆஸ்பத்திரிக்கு வந்தாளாம். லிஃப்ட்ல ஏறி, என் அறை வாசல்ல நின்னுட்டுத் திரும்பிட்டாளாம். நல்லாத் திட்டினேன். அவளும் விடல. நாளைக்கு மறுபடி கூப்பிடறேன்னிருக்கா." உதட்டைக் கடித்துக்கொண்டு, நன்றி என்றுகூடச் சொல்லாமல் போய்விட்டாள்.

மிமூனுக்கு நிம்மதி வந்திருக்கும் என்று நினைத்தேன். ஞாயிறு காலையிலேயே என்னை அழைத்தார்.

"அந்தப் பதினொண்ணையும் அடிச்சிருக்கக் கூடாதுப்பா. அதையும் யாரோ வந்து சொல்லித்தானே எழுதியிருப்பாங்க."

"தலைவர் சத்தம் போடுவாரே?"

"போடட்டும்."

பதினொன்றையும் திரும்ப எழுதினார். ஒவ்வொருவராக இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார். இதுவரை மூன்று பேர் யாரென்று தெரிந்திருக்கிறது.