ஏழில் தொடங்கும் பலகை

"அடுத்தது," என்று குச்சியை ஒரு வரிசை கீழே இறக்கினார் கண்ணாடிக் கடைக்காரர். நாற்காலியிலிருந்த வேன் டிரைவர் தங்குதடையில்லாமல் படித்தார்.

கண் சோதிக்கும் அந்தப் பலகை கடைக்காரர் கைப்பட எழுதியது. உச்சியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு 7. அதன் கீழே 73. அப்புறம் 739. வரிசைக்கு ஓர் இலக்கம் கூடும், எழுத்து சிறுக்கும். எட்டாவது வரிசையில் எறும்பு ஊர்கிறமாதிரி 73939133.

"எட்டும் பகா எண். ஒண்ணையும் தன்னையும் விட்டா வேற எதுக்கும் மசியாது. வாலை நறுக்கிக்கிட்டே போங்க, மிச்சம் நிக்கிறதும் அதே ஜாதி," என்பார். ஒன்பதாவது வரிசை ஏன் இல்லை என்று யாராவது கேட்டுவிட்டால் முகம் மலர்ந்துவிடும். பின்னால் எந்த இலக்கத்தை ஒட்டினாலும் வகுபட்டுவிடுமாம். இந்த வகையில் இதைவிடப் பெரிய எண்ணே கிடையாதாம்.

கேட்டுக் கேட்டுத் தெருவுக்கே அது மனப்பாடம். அதில் அவருக்குப் பெருமைதான்.

பின்மேசையில் ஃபிரேமில் லென்ஸ் பொருத்துவது அவர் மனைவி. கொஞ்ச நாளாக அவள் மாட்டிய காதுக்கம்பிகள் கழன்று திரும்பி வந்துகொண்டிருந்தன. "ஸ்குரூ எல்லாம் இப்ப மட்டமா வருதுங்க," என்றாள். அவர் ஸ்குரூ வாங்கும் கடையை மாற்றினார். கம்பி கழன்றது. அவளைப் பலகை முன் உட்காரவைத்தார். எட்டு வரிசையும் தண்ணீர் பட்ட பாடாகச் சொன்னாள். அவர் புதுக்கடைக்காரனைத் திட்டினார். பார்வை மங்கினால் தன்னை வீட்டோடு இருக்கச் சொல்லிவிடுவார் என்று அவளுக்கு ஒரு பயம் உண்டு. அது அவருக்கும் தெரியும்.

டிரைவர் கடைசி வரிசைக்கு வந்தபோது கடைக்காரர் தற்செயலாகத் திரும்பினார். டிரைவர் இரண்டு கண்களையும் மூடிக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே, தப்பா?"

தப்பில்லை. கடைக்காரர் பின்மேசையில் குனிந்திருந்த மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

டிரைவரை மறுநாள் வரச்சொல்லி அனுப்பிவிட்டு, மனைவி சாப்பிடப் போன நேரத்தில் துண்டுக் காகிதத்தில் 4 என்று எழுதினார். கடைசி 3-இன்மேல் ஒட்டினார். இரண்டாலேயே வகுபடும், பச்சைக்குழந்தைகூடச் சொல்லிவிடும். அவரால் அந்தப் பக்கம் பார்க்கவே முடியவில்லை.

அவள் வந்ததும் கூப்பிட்டார். "கடைசி வரிசை மட்டும் படி."

"இதே வேலையா உங்களுக்கு?" என்றாள். "ஏழு, மூணு, ஒம்பது, மூணு, ஒம்பது, ஒண்ணு, மூணு... மூணு."

அவர் சோதனை ஃபிரேமை அவள் மூக்கில் மாட்டி, லென்ஸ்களை ஒவ்வொன்றாக மாற்றினார். மூன்றாவதில் அவள் முகம் சுருங்கியது.

"நாலா? யாருங்க உங்க நம்பரை இப்படிப் பாழாக்கினது?"

"நான்தான்."

அவள் ஃபிரேமைக் கழற்றவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு அவர் அடுத்து என்ன சொல்லப்போகிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் பின்மேசைக்குப் போய், அவளுடைய முக்காலியை மேசையோடு இன்னும் கொஞ்சம் நெருக்கிப் போட்டார்.