மொட்டைமாடியில் மூன்று படங்கள்

வானத்தின் கோடியில் நடக்கும் காமாக் கதிர் வெடிப்பை, பூமியைச் சுற்றும் செய்மதி கண்டதும் என் போன் அலறும். வெடிப்பின் பின்னொளி நிமிடங்களில் மங்கிவிடும். அதனால் சாப்பாட்டுக் கோப்பையை வைத்துவிட்டு மொட்டைமாடித் தொலைநோக்கியிடம் ஓடுவேன்.

அன்று இருட்டியதும் அப்படி ஓடும்போது பக்கத்து வீட்டு அண்ணை மதிலடியில் நின்றார்.

"சண்டைக் காலத்திலை சத்தம் கேட்டால் பங்கருக்குள்ளை ஓடின சனம் நாங்கள். நீர் மேலை ஓடுறீர். ஆர் உமக்குப் போன் எடுக்கிறது?"

"செய்மதி, அண்ணை."

"உமக்கு மட்டும் ஏன்?"

தொலைநோக்கி எடுத்த முதல் படத்தில் ஒரு புள்ளி இருந்தது. இரண்டாவதில் அது மங்கியிருந்தது. அது பின்னொளிதான் என்று எனக்குமே நம்பிக்கை வரவில்லை. பலாலிக்கு வரும் விமானத்தின் விளக்கோ? மூன்றாவதில் அதே இடத்தில் இன்னும் மங்கியிருந்தால் நம்பியிருப்பேன்.

மூன்றாவது படம் முழுக்க வெள்ளை. அண்ணை மதிலில் ஏறி நின்று தொலைநோக்கிப் பக்கம் டோர்ச் அடித்துக்கொண்டிருந்தார்.