எங்கள் லயன் பக்கம் திரும்பிய ரேடியோ குழாய்

என் அம்மா வாதத்தில் படுத்த வருஷம், பொன்மலை பார்க் ரேடியோவின் குழாய் ஸ்பீக்கர் ஒரு நாள் எங்கள் ரயில்வே லயன் வீடுகள் பக்கம் திரும்பி இருந்தது. அதுவரை அது பார்க் வாசல் கேட்டைப் பார்த்துத்தான் இருக்கும். பார்க்கில் ரேடியோ போடும் ராசப்பனிடம் கேட்டேன். "காத்துல திரும்பியிருக்கும் பாப்பா" என்றார். கம்பத்தில் புதுக் கம்பி போட்டு இறுக்கிக் கட்டியிருந்ததை நான் பார்த்தேன்.

ராசப்பன் மாமா முன்பு ஒர்க்‌ஷாப்பில் இருந்தவர். மிஷினில் இரண்டு விரல் போனபிறகு பார்க் வேலை கொடுத்தார்கள். ஷிப்டு முடிந்து சைக்கிளில் வருகிறவர்கள், ரேடியோவுக்குள்ளே உட்கார்ந்து பேசுவதே நீதானா என்று அவரைக் கிண்டல் செய்வார்கள். ஒரு சம்பளம் பத்தவில்லை, அதனால்தான் என்பார்.

நான் ஐந்தாவது படித்தபோது ராமேஸ்வரம் பக்கம் பெரும் புயல். அதற்கு முந்தின நாள்தான் அப்பா ரிப்பேர் வண்டியில் அந்தப் பக்கம் போயிருந்தார். எந்தத் தகவலும் இல்லை. சாயங்காலச் செய்திக்காக அம்மா ஜெபமாலையோடு காத்திருந்தாள். நேரமாகியும் ரேடியோ பாடவில்லை, பேசவில்லை. அம்மாவுக்கு உதடு வெளுத்துவிட்டது. நமக்குத் தெரியக் கூடாது என்றுதான் போடவில்லை, அப்பா போய்விட்டார் என்றாள். மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டே பார்க்குக்கு ஓடினேன்.

ரேடியோ அறை உள்ளே தாழ் போட்டிருந்தது. கதவில் காதை வைத்தால், செய்தி சன்னமாக ஓடுகிறது. தட்டினேன். திறந்த ராசப்பன் மாமாவின் முகத்தைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

"ரயில் ஒண்ணு கடல்ல போயிடுச்சாம் பாப்பா. இத எப்படி உங்கம்மா காதுல போடுவேன்?"

"போடாம இருக்கீங்களே மாமா, அதுலதான் அம்மா செத்துடும் போல இருக்கு."

அவர் விரல் போன கையால் வெளி ஸ்பீக்கரின் திருகியைத் திருப்பினார். முக்கியச் செய்தியை முடிவில் மறுபடி சொன்னார்கள். போனது பயணிகள் வண்டி. அறையைத் திறந்தபடி விட்டு என்னோடு லயனுக்கு ஓடி வந்தார். அம்மா கேட்டிருந்தாள். "அவர் போனது அந்த வண்டி இல்லை" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். நிம்மதி அதில் பாதிதான். அந்தக் கடலோரத்தில்தானே அப்பாவும்? அப்புறம் ஒரு செய்தியைக்கூட ராசப்பன் மாமா விடவில்லை. ஒவ்வொன்றுக்கும் எங்களுக்கு உயிர் போய் வந்தது.

கர்த்தர் கைவிடவில்லை. மானாமதுரையிலேயே அப்பா போன வண்டியை நிறுத்திவிட்டார்களாம். புது வருஷத்துக்கு முன் அப்பா வந்து சேர்ந்தார்.

வீட்டுக்கு வீடு டிரான்சிஸ்டர் வந்ததும் பார்க் ரேடியோவை நிறுத்தினார்கள். ராசப்பன் மாமா துறையூரில் மகள் வீட்டுக்குப் போனார். பஸ் ஏற்றிவிட நான்தான் போனேன். ஜன்னல் வழியாகக் குனிந்து சொன்னார்:

"மக வீட்லயும் ரேடியோ இருக்கு பாப்பா. செய்தி நேரத்துக்கு அத நான் போட மாட்டேன். அன்னிக்கு உங்கம்மா மாதிரி யார் வீட்ல யார் காத்துக்கிட்டு இருக்காங்களோன்னு நெனப்பு வந்துடும். அம்மாவ எனக்காகவும் ஜெபமாலையில ஒரு மணி உருட்டச் சொல்லு."