ஒரு பொட்டலம் ரெண்டு பேருக்கு

ஜகார்த்தாவின் மத்தியில், அலுவலகக் கட்டடங்கள் நெருக்கியடித்து நிற்கும் தெருவில், நஸ்ரிலும் அவர் மனைவி யூஸ்னெலியும் சுமத்ராப் பக்கத்துப் பாடாங் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார்கள். சமையலும் பொட்டலம் கட்டுவதும் அவர் பாடு. கல்லாவும் வாய்ச்சண்டையும் நெலி பாடு. நெலிக்கு வாய் கொஞ்சம் நீளம்தான். ஆனால் அந்த வாய் இல்லாவிட்டால் கடை முதல் வருஷமே படுத்திருக்கும், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

பாடாங் கடைகளில், உட்கார்ந்து சாப்பிடுகிறவனை விடப் பொட்டலம் வாங்கிப் போகிறவனுக்குச் சோறு அதிகம். ஏன் என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். நஸ்ரிலைக் கேட்டால், கொண்டு போகிற இடத்தில் இன்னொரு வாய் இருக்கும் இல்லையா என்பார். அவர் கை மற்றவர்கள் கையை விடத் தாராளம். இலையில் சோற்றைக் குவித்து, அமுக்கி, குழம்பை ஊற்றி, தேங்காய்ப்பாலில் சுண்டவைத்த ரெண்டாங் மாட்டுக்கறித்துண்டும் மரவள்ளிக்கீரையும் பச்சைமிளகாய்ச் சம்பால் துவையலும் வைத்து, காகிதத்தை மடிக்கப் போகிறவர், என்னவோ மறந்து போனது போல இன்னொரு கரண்டி சோறு போடுவார். போடாமல் மடித்ததே கிடையாது.

மதியமானால் வாசலில் வரிசை நின்ற காலம் அது. பிறகு மாடியில் இருப்பவர்கள் கீழே இறங்குவதை நிறுத்தினார்கள். எல்லாம் கைப்பேசியிலேயே ஆர்டர். பச்சைச் சட்டை போட்ட பைக்காரர்கள் மோட்டார்சைக்கிளில் வந்து அள்ளிக்கொண்டு போனார்கள். ஆப்காரன் அவன் பங்கைப் பிடித்துக்கொண்டாலும் பொட்டலம் குறையவில்லை, அதனால் நெலியும் குறை சொல்லவில்லை.

அப்போதுதான் ஒரு பெண் படம் எடுத்துப் போட்டு, ஐந்து நட்சத்திரமும் கொடுத்து எழுதினாள்: இந்தக் கடையில் ஒரு பொட்டலம் வாங்கினால் ரெண்டு பேர் வயிறாரச் சாப்பிடலாம். அதைப் பார்த்து இன்னும் பலர் எழுதினார்கள். நெலிக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்துக் கடை, எதிர்க்கடை, பார்க்கிங் காவலாளி என்று ஒருத்தரையும் விடாமல் காட்டினாள்.

கடையின் பேர் ஏற ஏறச் சாயங்காலம் மிஞ்சுகிற கறியும் ஏறியது. இது என்னடா கூத்து என்று அவளுக்கு விளங்கவேயில்லை. கடைசியில் வழக்கமாக வரும் கோமார் என்ற பைக்காரனைப் பிடித்துக் கேட்டாள். அவன் தயங்கித் தயங்கித்தான் சொன்னான்.

"அக்கா, மேல எல்லாரும் கூட்டாத்தான் வாங்குறாங்க. ஒரு பொட்டலத்தப் பிரிச்சு ரெண்டு தட்டுல போட்டுக்குறாங்க. நாலாவது மாடியில மூணு பேரு. தொட்டுக்கப் பத்தலன்னு வேற கடையில முட்டை வாங்கியாரச் சொல்றாங்க."

நெலி மிஞ்சின கறிச் சட்டியைத் திறந்து பார்த்தாள்.

அந்த ஊரில் கடை வாடகையை வருஷத்துக்கு மொத்தமாகக் கட்ட வேண்டும். கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த இடத்தைக் கேட்டுப் பால்டீக் கம்பெனி ஒன்று ஏற்கெனவே வந்து போயிருந்தது. சோற்றைக் குறைத்தால் ஆளுக்கொரு பொட்டலம் வாங்குவார்கள், கடை நிற்கும். இல்லாவிட்டால் தெருவில் நிற்க வேண்டியதுதான். இதை அவள் ராத்திரி உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னாள். அவரும் சரி சரி என்று தலையாட்டினார். மறுநாள் மதியம் கரண்டி பழையபடியே போனது.

திட்டினாள். கெஞ்சினாள். பக்கத்திலேயே நின்று ஒவ்வொரு பொட்டலத்தையும் பார்த்தாள். அவள் கல்லாப் பக்கம் திரும்பிய நொடியில் அவர் இன்னொரு கரண்டியை அமுக்கி மடித்துவிட்டார்.

"என்னங்க, என்னைக் கொல்லாதீங்க."

"வேணும்னு செய்யல நெலி. கை தானாப் போகுது."

பொய்யில்லை என்று அவளுக்குத் தெரியும். அதுதான் அவளை அழவைத்தது.

ஒருநாள் கரண்டியைப் பிடுங்கித் தானே நின்று அளவாகக் கட்டினாள். அவரைக் கல்லாவில் உட்கார வைத்தாள். அந்த வாரமே எழுதிவிட்டார்கள்: கடை முன்ன மாதிரி இல்லை, முதலாளியம்மாவுக்குப் பேராசை. நட்சத்திரம் சரிந்தது. கைப்பேசியில் கடை எங்கோ அடியில் போய்விட்டது, தேடினால்தான் அகப்படும். பயந்து போய்க் கரண்டியை அவரிடமே கொடுத்தாள். அவர் மறுபடி குவித்தார். போனவர்கள் திரும்பிப் பார்க்கவில்லை. கூட்டினாலும் தப்பு, குறைத்தாலும் தப்பு என்றால் மனுஷி என்னதான் செய்வாள்?

கெடு வந்தது. கடை போனது. பால்டீக்காரன் கண்ணாடிக் கதவு மாட்டினான்.

நஸ்ரிலுக்கு, ஆப் ஆர்டருக்கு மட்டும் சமைக்கிற ஓர் அடுப்படியில் வேலை கிடைத்தது. வாசலில் பலகைகூடக் கிடையாது. ஒரே கூடத்தில் ஆறு கடைப் பேரில் சமைத்துப் பைக்காரர்களிடம் கொடுத்துவிடுவார்கள். கை வேகம் பார்த்துப் பொட்டலம் கட்ட வைத்தார்கள். முதல் நாள் முழுக்க நெலி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த மனுஷன் அள்ளி அள்ளி வைப்பார், சாயங்காலத்துக்குள் விரட்டிவிடுவார்கள் என்றே இருந்தாள்.

அவர் சாதாரணமாக வந்தார். செருப்பைக் கழற்றினார்.

"ஏதும் சொன்னாங்களா?"

"எதுக்கு? தராசு வச்சிருக்காங்க. சோறு அளவுக்கு வந்தா லைட் எரியும். எரிஞ்சா நிறுத்திடணும்."

"நிறுத்துனீங்களா?"

"நிறுத்துனேன்."

"எல்லாத்துக்கும்?"

"எல்லாத்துக்கும்தான். கஷ்டமே இல்ல நெலி."

அவள் அவர் கையையே பார்த்தாள். எத்தனை நாள் இதற்காகக் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினாள்!

"இத நம்ம கடையில செஞ்சிருக்கக் கூடாதா?"

"முடியலையே. அது நம்ம பேர்ல போற சோறு" என்றார்.

நெலிக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அவரை நாலு வார்த்தை கேட்க நினைத்தாள். கேட்டு என்ன ஆகப் போகிறது? அவர் குளிக்கப் போனார். அவள் நின்ற இடத்திலேயே நின்றாள்.