ஓடும்போது திறந்த கதவு

டெப்போவில் அவளுக்குப் பம்பரம் என்று பெயர். பஸ்களின் மின்வேலை முழுக்க அவள் பொறுப்பு. ஒரு பஸ்ஸுக்கு அடியில் படுத்திருக்கும்போதே அவள் மனம் அடுத்த பஸ்ஸுக்குப் போயிருக்கும். சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாலும் நின்றுகொண்டேதான் சாப்பிடுவாள். "உக்காந்தா குத்துமாம்மா?" என்று பெயின்டர் கேட்பார். "உக்காந்தா தூக்கம் வந்துடும்ணே!" கையில் எப்போதும் ஒரு துணி, கண்ணில் பட்டதையெல்லாம் துடைத்தபடியே நடப்பாள்.

அதே டெப்போவில் ஓட்டுநராக இருந்த அவள் கணவன் நேர்மாறு. இடி விழுந்தாலும் "மழை வரும்போல" என்பவன். அவன் ஒரு மத்தியானம் முகம் வெளுத்து வந்து நின்றான். பாலத்து இறக்கத்தில் பஸ் ஓடிக்கொண்டிருந்தபோதே பின்கதவு திறந்துவிட்டது. இறங்குவதற்காகப் பொத்தானை அழுத்திய பெரியவர் கம்பியைப் பிடித்ததால் உயிர் பிழைத்தார். ஒரு செருப்பு மட்டும் ரோட்டோடு போனது.

பின்கதவைத் திறக்கப் பயணிகள் அழுத்தும் பொத்தான் பஸ் நின்றால்தான் வேலை செய்யும். பஸ் ஓடுகிறதா, நிற்கிறதா என்று சொல்வது கியர்பாக்ஸில் சொருகியிருக்கும் விரல் நீளச் சென்சார். அதற்குள் ஒரு காந்தம். எதிரே சுழலும் சக்கரத்தின் இரும்புப் பல் ஒன்று நெருங்கும்போது காந்தப் புலம் வலுக்கும். பல்லிடுக்கு வந்தால் தளரும். அந்த ஏற்ற இறக்கம் ஒவ்வொன்றும் ஒரு துடிப்பாகக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குப் போகும். துடிப்பு வராவிட்டால் பஸ் நின்றுவிட்டதென்று பெட்டி முடிவு செய்து, கதவுப் பூட்டை விட்டுவிடும்.

அவள் சென்சாரைக் கழற்றிப் பார்த்தாள். மேசைமேல் ஒரு பல்சக்கரத்தைச் சுழற்றி எதிரே பிடித்தாள். துடிப்பு பிசகாமல் வந்தது. மறுபடி மாட்டி, மறுபடி கழற்றி, மறுபடி பார்த்தாள். பழுதில்லை.

"சென்சார் நல்லாயிருக்குன்னா, உன் வீட்டுக்காரர்தான் தன் சீட்டுப் பக்கத்து ஸ்விட்சைப் போட்டுப் பூட்டை விட்டிருக்கணும்," என்றார் மேலாளர். விசாரணை முடியும்வரை அவனுக்கு வண்டி கிடையாது.

வீட்டில் அவன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான். "அப்போ நான்தான் தொறந்தேனா?"

"நான் அப்படிச் சொன்னேனா?"

"உன் சென்சார் சொல்லுதே."

அதற்குப் பிறகு ஜன்னலோரம் கல்லாய்ச் சமைந்துவிட்டான். தாடி வளர்ந்தது. அவன் கத்தியிருந்தால்கூட அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அந்த அமைதி அவளை இருப்புக் கொள்ளவிடவில்லை. பாத்திரத்தைத் தேய்த்தாள், அலமாரியைக் கலைத்து அடுக்கினாள், சமையல் மேடையில் ஊர்ந்த எறும்புச் சாரையை ஒரே இழுப்பில் துடைத்தாள்.

"அடி பாவி!" என்றாள் மாமியார். "எங்கேருந்து வருதுன்னு பாக்கறதுக்குள்ள தொடைச்சுட்டியே! இனி எந்த ஓட்டையைத் தேடுவேன்?"

துணி பிடித்த கை அப்படியே நின்றது. சென்சாரைக் கழற்றியதும் அவள் முதலில் செய்த காரியம் என்ன? முனையிலிருந்த கரிய எண்ணெய்ப் பசையைத் துடைத்தாள். ஒவ்வொரு தடவையும்.

மறுநாள் காலை மேலாளர் எதிரில் போய் நின்றாள். "அந்த பஸ்ஸை ஆள் ஏத்தாம ஓட விடுங்க சார். நான் சென்சாரைத் தொடமாட்டேன். நீங்களே கழற்றிப் பாருங்க."

"புருஷனுக்காகப் பேசறியா?"

"ஆமா சார். அதான் நீங்களே பாருங்கன்னு சொல்றேன்."

வேறொரு ஓட்டுநர் காலி பஸ்ஸை ஊரைச் சுற்றி ஓட்டினார். மேலாளர் முன்னால் உட்கார்ந்தார். அவள் பின்கதவுக்கும் முன் இருக்கைக்கும் நடந்துகொண்டே இருந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. வெயில் ஏறியது. தான் நினைத்தது தப்போ என்று அவள் இன்னும் வேகமாக நடந்தாள். மறுநாளும் அப்படியே. அன்று டெப்போவுக்குத் திரும்பும் வழியில், நல்ல வேகத்தில், அதே சென்சாரின் துடிப்பில் ஓடும் வேகமுள் பொத்தென்று பூஜ்யத்தில் விழுந்தது. மேலாளர் எழுந்து பின்னால் ஓடி, கதவருகே இருந்த பொத்தானை எட்டி அழுத்தினார். கதவு விரியத் திறந்தது. காற்று உள்ளே அறைந்தது.

டெப்போவில் அவரே சென்சாரை உருவினார். முனையில் இரும்புத்தூள் கொத்தாகச் சிலிர்த்து நின்றது. காந்தமே இழுத்துச் சேர்த்த தூள். பல் வந்தாலும் இடுக்கு வந்தாலும் அந்தக் கொத்துக்குள்ளேயே புலம் ஓடியதால், சென்சாருக்கு வித்தியாசம் தெரியவில்லை. கொத்து கொஞ்சம் நகர்ந்தால் மறுபடி தெரியும். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"இவ்வளவு தூள் எங்கேருந்து சார் வரும்?" என்றாள். கியர்பாக்ஸைத் திறந்தார்கள். உள்ளே ஒரு பேரிங் நொறுங்கி, இரும்பை அரைத்துக்கொண்டிருந்தது.

சாயங்காலம் கணவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். "நான் தொடைக்காம இருந்திருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும்."

அவன் ஜன்னலிலிருந்து திரும்பினான். பிறகு தாடியைச் சொறிந்தான். "சென்சாருக்கு என்னைவிடப் பெரிய தாடியா?"

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

அவனுக்கு வண்டி திரும்பக் கிடைத்தது. ஆனால் பழைய ஆள் திரும்பவில்லை. இப்போதெல்லாம் வீட்டுக் கதவைத் தாழிட்டுவிட்டு, ஒரு தடவைக்கு இரண்டு தடவை இழுத்துப் பார்க்கிறான்.