புதுக்கடைச் சந்தையில் ஒரு ஜோடிப் படம்

ஒரு வருடமாகப் பாடப்புத்தகங்களுக்கே வரைந்து சலித்துவிட்டது. எனக்காக ஒரு படம் வரையலாமென்று புதுக்கடைச் சந்தையில் உட்கார்ந்து, மீன் விற்கும் லில்லி அக்காவை வரைகிறேன். அக்கா எட்டிப் பார்க்கிறார்.

"ஒத்தையிலயா நிக்கேன்? பக்கத்துல எங்க வீட்டுக்காரரையும் வரை மக்கா. சவூதியில இருக்காரு."

"போட்டோ இருக்கா அக்கா?"

"போட்டோ எதுக்கு? எனக்குத் தெரியாத முகமா?"

அகன்ற நெற்றி, அடர்ந்த மீசை என்று அவர் சொல்லச் சொல்ல வரைகிறேன்.

"இவ்வளவு சிரிக்கமாட்டாரு."

சிரிப்பை அழிக்கிறேன்.

"அவரேதான்!" அக்காவுக்குக் கண் கலங்குகிறது. எனக்கும் வெகுநாளுக்குப் பிறகு கை இளகியிருக்கிறது.

படத்தைப் போனில் பிடித்துக் கணவருக்கு அனுப்புகிறார். சற்று நேரத்தில் அவர் குரல் பதிலாக வருகிறது.

"ஏட்டி, உன் பக்கத்துல நிக்கது யாரு?"