மரகதத்தைத் துரத்திய வேன்

கட்டிய மனைவி எப்போது சைக்கிளை விட்டு இறங்குவாள் என்று காத்துக்கொண்டே அவள் பின்னால் நாள் முழுக்க வேன் ஓட்டிய மனிதர், நியூஜெர்சியிலேயே கோபாலசாமி ஒருவராகத்தான் இருப்பார். மனுஷருக்கு அவள் மேல் கோபமெல்லாம் இல்லை. பயம். அதைப் பயம் என்று ஒத்துக்கொள்ள மனம் வராமல் காலையிலிருந்து முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

கோபாலசாமி கோபிசெட்டிபாளையத்துக்காரர். பிஸ்கட்டவே மருந்துக் கம்பெனி ஒன்றில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவர். ஆறு மணிக்கு விருந்தென்றால் ஐந்தே முக்காலுக்கே காரை நிறுத்திவிட்டு, கூப்பிட்டவர்கள் இன்னும் குளித்திருக்க மாட்டார்களே என்று உள்ளேயே உட்கார்ந்திருக்கும் ரகம். நேரம் தவறுவது அவர் கணக்கில் பாவத்தில் சேர்த்தி.

மரகதத்துக்கு ஐம்பத்தேழு வயது. ஊரில் எம்.எஸ்ஸி. படித்துக்கொண்டிருந்தபோது கல்யாணம். இங்கே வந்து காலேஜில் அக்கவுண்டிங் சேர்ந்தாள். அது பாதியில் இருக்கும்போதே கோபாலசாமிக்கு டெக்சாஸுக்கு மாற்றல் வந்தது. அங்கே காப்பெல் என்ற ஊரில் ஒரு டேகேரில் வேலைக்குப் போய், குழந்தைகளெல்லாம் "மிஸ் மாரா" என்று காலைக் கட்டிக்கொள்ள ஆரம்பித்த நேரத்தில் மறுபடியும் நியூஜெர்சிக்குப் பெட்டி கட்டினார்கள். "உனக்குப் பாதிதான் ராசி, அம்மிணி" என்று கோபாலசாமி நாலு பேர் நடுவில் கேலி செய்வார். அவளும் சிரிப்பாள். சிரிக்கிறாளே, அப்புறம் என்ன என்று அவர் இருந்துவிட்டார். படித்த மனுஷர்தான், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் சுத்த மண்டு.

மரகதம் சைக்கிள் பழகியதே ஐம்பத்தைந்தாவது வயதில். அபார்ட்மெண்ட் பார்க்கிங்கில் விழுந்து எழுந்து, முழங்கையைச் சிராய்த்துக்கொண்டு, யார் சிரித்தாலும் காதில் போட்டுக்கொள்ளாமல் பழகினாள். சனிக்கிழமைகளில் ஒரு ஃபுட் பேன்ட்ரிக்குப் போய், வசதியில்லாத குடும்பங்களுக்கு அரிசி, பருப்பு, காய்கறி எல்லாம் பிரித்துக் கொடுப்பாள். அந்தப் பேன்ட்ரிக்கு ஒரு ஃப்ரீசர் வண்டி வாங்க, செப்டம்பரில் வெஸ்ட் வின்ட்சரிலிருந்து ஒரு சைக்கிள் பயணம் ஏற்பாடு செய்தார்கள். பத்து மைல், இருபத்தைந்து, ஐம்பது என்று மூன்று வகை. மரகதம் போய் ஐம்பதுக்குப் பேர் கொடுத்துவிட்டு வந்தாள்.

"ஐம்பதா? முட்டி ஆபரேஷன் பண்ணி ரெண்டு வருஷம்கூட ஆகலை!" என்று குதித்தார் கோபாலசாமி.

"டாக்டரே ஓகே சொல்லிட்டாருங்க. நீங்க எந்த காலேஜ்ல டாக்டருக்குப் படிச்சீங்க?"

கிழிஞ்சது போ என்று அவர் நேராகப் பயணத்தை நடத்தும் வான்மதியிடம் போனார். கடைசி வேனை நான் ஓட்டுகிறேன் என்றார். கடைசி வேன் என்பது எல்லோருக்கும் பின்னால் வரும் வண்டி. முடியாதவர்களை அதில் ஏற்றிக்கொள்வார்கள். வேன் யாரை முந்திப் போகிறதோ அவர் பயணம் அத்தோடு சரி. வழி நெடுக முக்குகளில் காரை நிறுத்தி வழிவிடும் தொண்டர்கள், வேன் தாண்டியதும் கொடியைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம். "விழுந்தா பொறுக்கறதுக்கு நானே வர்றேன்" என்று மரகதத்திடம் சொன்னார். "வாங்க, வாங்க" என்றாள் அவள்.

அன்றைக்கு வெயிலுக்குப் பதில் காற்று. கிரான்பரி என்ற ஊரைத் தாண்டி சோளக்காட்டு நடுவே ரோடு போக, காற்று நேராக மூஞ்சியில் அறைந்தது. முதலில் வேனில் ஏறியவர் நஞ்சுண்டன். பழைய கார் ஒன்றின் விலைக்குச் சைக்கிள் வாங்கி, காலையில் அதைப் பற்றி ஊருக்கே வகுப்பெடுத்தவர். தொடை பிடித்துக்கொண்டது. "சீட் ஹைட் கொஞ்சம் மிஸ்டேக் ஆயிடுச்சு சார்" என்றபடி ஏறினார். அப்புறம் லிண்டா என்ற ரிட்டயர்டு டீச்சரும் அவர் கணவரும் ஏறினார்கள். மரகதம் மட்டும் ஏறவில்லை. அவளுக்குப் பின்னால் வேன், வேனுக்குப் பின்னால் யாருமில்லை. ஆள் மெதுவாக ஓடும் வேகம், அவ்வளவுதான். ஆனால் நிற்கவில்லை.

கோபாலசாமி கண்ணாடியை இறக்கினார். "ஏனம்மிணி, போதுமில்ல? உள்ள ஏசி ஓடுது."

"ஏசிய நீங்களே வாங்கிக்குங்க. பேச வச்சு என் மூச்ச வாங்காதீங்க."

அலென்டவுன் பக்கம் ஒரு மேட்டில் மரகதம் இறங்கி, சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டு முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். கோபாலசாமி தண்ணீரோடு ஓடினார். கிளம்பும்போதே வேனின் பின்கதவையும் திறந்துவிட்டார், சைக்கிளை ஏற்ற வசதியாக.

அதைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. தண்ணீரை வாங்கிக் குடித்தாள். வாயைத் துடைத்தாள்.

"ஏனுங்க, எம்.எஸ்ஸி. நானாவா விட்டேன்? அக்கவுண்டிங் நானாவா விட்டேன்? பொட்டி கட்டுன்னீங்க, கட்டுனேன். முடியலைன்னு நான் ஒண்ணக்கூட விட்டதில்லீங்க. இன்னைக்கு எனக்கே முடியாமப் போனா சரி, இந்த ரோட்டுலயே விழுந்துக்கறேன். ஆனா இதுவும் நீங்க ஏத்துனதால விட்டேன்னு ஆகக் கூடாது. கதவச் சாத்துங்க."

கோபாலசாமி போய்க் கதவைச் சாத்தினார். திரும்பி வருவதற்குள் அவள் கிளம்பிவிட்டாள். இத்தனை வருஷம் நாலு பேர் நடுவில் என்ன பேச்சுப் பேசியிருக்கிறோம் என்று அவருக்கு அவர் மேலேயே அருவருப்பாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து வான்மதி போன் செய்தாள். "அங்கிள், ஆறு மைல் இருக்கு. மூணு மணிக்குள்ள வேன் உள்ள வந்துடணும். ஆன்ட்டி அந்த ஸ்பீட்ல வந்தா முடியாது. சாரி அங்கிள், பிக்கப் பண்ணிடுங்க."

மூன்று மணி என்றால் மூன்று மணி. கோபாலசாமி வாழ்நாள் முழுக்க நம்பிய வேதம் அது. ஆக்சிலேட்டரை மிதித்தால் ஒரு நிமிஷத்தில் அவளை முந்திவிடலாம். முன்னால் அவள் முதுகு தெரிந்தது. காற்றில் குனிந்து, தலையை ஆட்டி ஆட்டி, பெடலை மிதித்துக்கொண்டிருந்தாள். அவர் இண்டிகேட்டரைப் போட்டார். காய்கறிப் பண்ணை ஒன்றின் சரளைக்கல் முற்றத்தில் வேனைத் திருப்பி, இன்ஜினை அணைத்தார்.

"எல்லாரும் எறங்குங்க. சாப்பாட்டு நேரம்."

வேனில் ஏறுகிறவர்கள் தோற்ற துக்கத்தோடு பசியோடும் இருப்பார்களே என்று மரகதம் விடியற்காலையில் எழுந்து புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும் தயிர்சாதமும் செய்து கூலரில் அடுக்கியிருந்தாள். கோபாலசாமி பேப்பர் தட்டுகளைப் புல்லில் வரிசையாகப் போட்டுப் பரிமாறினார். நஞ்சுண்டன் ரோட்டைப் பார்த்தார், போகும் சைக்கிளைப் பார்த்தார், கோபாலசாமியைப் பார்த்தார்.

"சார், எனக்கு ரெண்டாவது தடவையும் வேணும். மூணாவது கேட்டாலும் கேப்பேன்" என்றார்.

லிண்டாவுக்கு நஞ்சுண்டனே விஷயத்தை ஆங்கிலத்தில் எடுத்துச் சொன்னார். அந்த அம்மாள் கெட்டிக்காரி. புளியோதரையிலிருந்து ஒவ்வொரு கடலையாகப் பொறுக்கி, நிதானமாக மெல்ல ஆரம்பித்தார்.

போன் அடித்தது. "அங்கிள், எங்க இருக்கீங்க? ட்ராக்கர்ல வேன் அசையவே இல்லையே!"

"பந்தி நடக்குதும்மா."

"என்னது?"

"பந்தி. பாதியில எந்திரிங்கன்னு யாரையும் சொல்லப்படாது. அது மரியாதை இல்ல. தயிர்சாதம் இப்பத்தான் போட்டிருக்கேன்."

மறுமுனையில் வான்மதி சிரிப்பது கேட்டது. "ஆன்ட்டி முன்னாடி போறாங்களா?"

"போறா."

"வேன் வராம என் ஆளுங்க யாரும் முக்கை விட்டு நகர மாட்டாங்க அங்கிள். ஊறுகாய் இருக்கா?"

"மாவடு இருக்குது."

"அப்ப மெதுவா சாப்பிடுங்க."

சாப்பிட்டார்கள். அப்படியொரு நீண்ட பந்தியை எந்தக் கல்யாண மண்டபமும் கண்டிருக்காது. தட்டு காய்ந்தது, கை காய்ந்தது, யாரும் எழவில்லை. கோபாலசாமி மட்டும் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. ரோட்டைப் பார்த்தபடியே நின்றார். அவள் எங்கோ வளைவில் மறைந்து வெகுநேரமாகியிருந்தது.

மறுபடி போன் அடித்ததும் ஸ்பீக்கரில் போட்டார். ஒரே கூச்சல். கைதட்டல். "ஆன்ட்டி! ஆன்ட்டி!" என்று வான்மதி கத்துவதும், யாரோ மணியடிப்பதும் கேட்டது. நஞ்சுண்டன் எச்சில் கையோடு குதித்தார், தொடைப்பிடிப்பு என்ன ஆனதோ தெரியவில்லை. லிண்டா கணவரைக் கட்டிக்கொண்டார். கோபாலசாமி அழுதார். தூசி விழுந்துவிட்டது என்றெல்லாம் யாரிடமும் பொய் சொல்லவில்லை, நன்றாகவே அழுதார்.

வேன் போய்ச் சேர்ந்தபோது மேசை நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தார்கள். முடிவுக் கோட்டுக்கு மேல் காற்றடைத்து நிறுத்தியிருந்த அலங்கார வளைவையும் திறந்துவிட்டிருந்தார்கள். மரகதம் ஐஸ் பையை முட்டியில் கட்டிக்கொண்டு புல்லில் உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் மெடல். முகம் பூரித்துக் கிடந்தது.

"ஏனுங்க, எங்க போனீங்க? திரும்பித் திரும்பிப் பாத்தேன், வேனையே காணோம்."

"ஒரு வேலை இருந்துச்சு" என்றார்.

"வான்மதி சொல்லிட்டா, என்ன வேலைன்னு." அவள் அவரையே பார்த்தாள்.

கோபாலசாமி அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். "எல்லாரும் பாத்தாங்க அம்மிணி. நான்தான் பாக்கல" என்றார்.

மரகதம் ஐஸ் பையை அவிழ்த்து அவர் மடியில் வைத்தாள். அவர் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். நொண்டி நொண்டிப் போய்ச் சைக்கிளை எடுத்து, பார்க்கிங் கடைசிவரை தள்ளிக்கொண்டு போனாள். அங்கே ஏறி உட்கார்ந்து, காற்று இறங்கித் தொங்கிப்போயிருந்த அந்த வளைவுக்கு அடியில் தலையைக் குனிந்து, அவர் ஒருத்தருக்காக இன்னொரு முறை ஓட்டிக்கொண்டு வந்தாள்.